உச்சி நேரத்துக் கோதா

மல்லுக்கட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். என் மாமா மட்டும் அந்த விதிக்கு விலக்காக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுதில், கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்தின் மேல்சரிவில், பாழாகிக் கிடந்த ஒரு புகைப்புரையின் பின்னால் கோதா வெட்டி, அவர் தனியாகவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தனியாகத்தான் என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஆவணி மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போன பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. மாமா என்றால் அம்மாவுக்கு நேர் இளையவர். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் எங்கள் லைன் வீட்டின் முன்னறையில் பாய் விரித்துப் படுப்பவர். அப்பாவும் அவரும் ஒரே தோட்டத்தில் பால்வெட்டுக்காரர்கள். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய் வெட்டி, வெயில் ஏறியதும் சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து எடைக்குக் கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமை வெட்டு கிடையாது.

மாமாவுக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. தோளே காது வரைக்கும் ஏறியிருந்தது. பேச்சு குறைவு. அவர் மல்லாந்து படுத்து நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தில் புரளும்போது பாதியில் நிற்பார். ஏதோ ஒன்று கையை வைத்துத் தடுத்ததுபோல் மறுபடி ஒருக்களித்துவிடுவார். கோதாவில் நின்றவனுக்கு முதுகு தரையில் படக்கூடாது என்பது தூக்கத்திலும் மறக்காது என்று அம்மா சொல்வாள். அதை அவள் பெருமையாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபட்டதில்லை.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் அச்சில் வந்ததும் சார்மார் வாயில் வந்ததும் எனக்குச் சட்டம். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த உடற்கல்வி சார், சைக்கிள் ஷெட்டில் ஒரு நீல மெத்தையை விரித்து மல்யுத்தம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஆட விடுவதற்கு முன் இரண்டு நாள் பாடம் நடத்தினார். நான் அதைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். பழைய பாட்டுகளிலேயே மல்லர் உண்டு; நம் பக்கத்துக் கோயில் தூண்களில் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்து நிற்கிறார்களே, அவர்கள்தாம். வடக்கே ராஜாக்கள் சோறு போட்டு வளர்த்தது மண்ணில் பிடிக்கிற குஸ்தி. மலையாளக் கரையில் திருவிழா மைதானங்களிலும் கடற்புரத்து மணலிலும் நடந்தது கட்டா குஸ்தி. உலகம் முழுக்க இப்போது ஆடுவது இரண்டு வகை. ஃப்ரீஸ்டைலில் காலையும் பிடிக்கலாம். கிரேக்க-ரோமனில் இடுப்புக்குக் கீழே தொடவே கூடாது. அங்கே உடம்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆட வேண்டும். எந்த வகையானாலும் இரண்டு தோளும் தரையில் பட்டால் தீர்ந்தது. நடுவர் குனிந்து பார்ப்பார். உள்ளங்கையால் மெத்தையில் ஒரு அடி அடிப்பார். அந்த அடியோடு ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் பிடிக்கக்கூடாது.

நான் மெத்தையில் இறங்கிய சேதி மாமாவுக்கு எட்டியது. அவர் திட்டவில்லை. என்னை முன்னால் நிறுத்தி, இரண்டு விரலால் என் பிடரி எலும்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு எலும்பில் விரல் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"இது படிக்கதுக்கு உள்ள கழுத்தாக்கும் மருமவனே" என்றார். அவ்வளவுதான். அவர் போன பிறகும் அந்த இடத்தில் விரல் இருப்பதுபோலவே இருந்தது.

அவருடைய பழங்கதையை அரைகுறையாகத்தான் கேட்டிருந்தேன். கொட்டாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில், நான் பிறந்த வருடத்தில், மாமா ஒரு கடற்புரத்துக்காரரோடு மண்ணில் பிடித்தார். சலவைக் கல்லில் துணியை ஓங்கி அடிப்பதுபோல் எதிராளியைத் தோளுக்கு மேல் சுழற்றிப் போடுகிற ஒரு பிடி. போட்டார். அந்த ஆள் தோள் படாமல் தலை குத்தி விழுந்தார். கூட்டம் கோதாவுக்குள் புகுந்துவிட்டது. நடுவர் யார் கையையும் தூக்கவில்லை. மாமா அதற்குப் பிறகு எந்தக் கோதாவிலும் இறங்கவில்லை. அந்த ஆள் என்ன ஆனார் என்று கேட்டால் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

என்ன ஆனார் என்று எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுச் சுதா. ஏழாம் வகுப்பு, என்னைவிட ஒரு வயது பெரியவள், உலகத்தில் அவளுக்குத் தெரியாதது கிடையாது.

"அந்த ஆளு அங்கயே செத்துப் போனாருலா. கழுத்து முறிஞ்ச சத்தம் தேரடி வரைக்கும் கேட்டுதாம்."

நாங்கள் அய்யா வழிக்காரர்கள்; அய்யாவைச் சாமியாகக் கும்பிடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் நடக்கிற உச்சிப்படிப்பு வழிபாட்டுக்கு வீட்டோடு எங்கள் கோயிலான நிழல் தாங்கலுக்குப் போவோம். மாமா மட்டும் தலைவலி என்பார், கால்வலி என்பார், வரமாட்டார். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு உண்மையிலேயே வயிறு வலித்தது. படிப்பு தொடங்கும் முன்பே அம்மா என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள். வரும் வழியில் வலி நின்றுபோனது. மாமா மண்வெட்டியோடு மேல்சரிவுக்குப் போனதை முந்தின நாள் பார்த்திருந்தேன்; தனியாகப் பயிற்சி எடுக்கிறார் போல, பார்க்கலாமென்று ஏறினேன்.

ரப்பர்த் தோட்டத்தின் உச்சிப் பொழுது தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. எல்லா மரமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, எல்லா மரத்திலும் ஒரே இடத்தில் வெட்டுத் தழும்போடு, எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே வழிதான் தெரியும். ஆவணியில் காய் வெடிக்கும். வெயில் ஏறியதும் தலைக்கு மேலே எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம். பின்னால் சருகில் விதை விழுகிற சத்தம். ஒன்று முன்னால் கேட்கும், அடுத்தது முதுகுக்குப் பின்னால் கேட்கும். யாரோ சுற்றி வருவதுபோல இருக்கும்.

ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்துகிற அந்தப் புகைப்புரைக்குள் ஆள் நுழைந்து வருடங்கள் ஆகியிருந்தன. யாரோ மறந்துபோன ஐந்தாறு ரப்பர் ஷீட்டுகள் மட்டும் மூங்கிலில் தொங்கின. புகை ஏறிப் பழுத்து, தோல் உரித்துக் காயப்போட்டதுபோல. கதவு இல்லாத வாசல் வழியாகக் காற்று வந்தால் அவை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிரியும். பிரியும்போது வாய் திறக்கிற மாதிரி ஒரு சத்தம்.

பின்னால் மாமாவின் கோதா இருந்தது. மண்ணைச் சலித்து, எண்ணெயும் மஞ்சள்பொடியும் மோரும் விட்டுக் குழைத்துப் பரப்பியிருந்தார். மாமா இல்லை. மண்ணில் ஒரு முதுகு பதிந்திருந்தது.

இரண்டு தோள்பட்டை, நடுவே முதுகெலும்பின் பள்ளம், பின்தலையின் குழி. அவ்வளவு ஆழம். தனியாக ஒரு ஆள் படுத்தால் அத்தனை ஆழம் பதியாது. மேலிருந்து ஏதோ அமுக்கியிருக்க வேண்டும். சுற்றிலும் மாமாவின் காலடித் தடம் மட்டும்தான். ஆனால் கோதாவின் ஓரத்திலிருந்து சருகு வழியாகக் கீழ்ச்சரிவு நோக்கி இரண்டு கோடுகள் போயின. ஒரு சாண் இடைவெளியில், விரல் ஆழத்தில், ஒன்றுக்கொன்று இணையாக. நடக்காத ஏதோ ஒன்று வந்து போயிருந்தது. குனிந்தபோது மண்ணிலிருந்து முறிவெண்ணெய் வாசம் அடித்தது. எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுகிற எண்ணெய். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் முறிந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமா குளிப்பதை மறைந்து நின்று பார்த்தேன். அவருடைய இரண்டு தோள்பட்டையிலும் மஞ்சள் மண் அப்பியிருந்தது. மாமா தோற்றிருக்கிறார்.

அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். பேய் உண்டா?

"பேயை எல்லாம் அய்யா எப்பமோ எரிச்சாச்சு. போய்ப் படி."

"ஒண்ணுகூட மிச்சம் இல்லியா?"

"எல்லாம் எரிச்சாச்சுன்னா எல்லாமுந்தான். இது என்ன கடைச்சரக்கா, மிச்சம் கெடக்கதுக்கு?"

சுதாவுக்கு இந்தப் பதில் போதவில்லை. கொடையன்று செத்தவர் அதற்கும் பிந்தியவர் அல்லவா என்றாள். அது எனக்கும் சரியாகப் பட்டது.

"பேய்க்குக் காலு தரையில பாவாதுன்னுல்லா சொல்லுவினும்" என்றேன். "அப்பம் அந்தக் கோடு?"

"கழுத்து முறிஞ்ச பேயிலா. அதுக்கு நேராட்டு நிக்க முடியாது. இழுத்துட்டு வருது." அவள் தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு யோசித்தாள். "யாரு ஜெயிச்சான்னு அன்னைக்கு யாராவது சொன்னாவளா?"

"இல்ல."

"பின்னே? பிடி முடியல்லேல்லா. அதுதான் வருது. உனக்க மாமாவெ ஒவ்வொரு வாரமும் கொஞ்சங் கொஞ்சமா அமுக்கும். மூணாவது ஞாயிறு கொண்டு போயிரும்."

மூன்றாவது ஞாயிறு என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மாமா மெலிந்துகொண்டு வருவது எனக்கே தெரிந்தது. சோற்றில் பாதியை அப்படியே வைத்து எழுந்துவிடுவார். பால் எடைபோடுகிற இடத்திலிருந்து திரும்பும்போது யாரோ கூப்பிட்டதுபோல் நின்று கீழ்ச்சரிவைப் பார்ப்பார்.

இரண்டாவது ஞாயிறு தாங்கலிலிருந்து நழுவி வந்துவிட்டேன். புகைப்புரையின் சுவரில் காதை வைத்தேன். மாமாவின் குரல் கேட்டது; வீட்டில் கேட்டே அறியாத, கெஞ்சுகிற குரல்.

"இன்னும் கொஞ்ச நேரம்லே."

அதற்கு இன்னொரு குரல் பதில் சொன்னது. நெஞ்சில் காற்று இல்லாத குரல். தொண்டையிலிருந்து மேலே மட்டும் இருக்கிற ஒரு ஆள் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. என்ன சொன்னது என்று கேட்க நான் நிற்கவில்லை. ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு போய்விட்டது. அதற்கு வீட்டில் வாங்கிய அடி தனி.

ஒரு வாரம் முழுக்க யோசித்தேன். பெரியவர்களிடம் சொன்னால் எரித்தாயிற்று என்பார்கள். பிடி முடியாததால்தானே அது வருகிறது? முடிந்துவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அது மாமாவைத் தொடக்கூடாது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது. மாமா தோற்றதாகச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் வருத்தமாக இருந்தது. தோற்றாலும் பரவாயில்லை, மாமா இருந்தால் போதும்.

நடுவரைப்போல நானே மண்ணில் அடித்துவிடுவது என்ற யோசனையில் சுதாவுக்கு ஒரே ஒரு மறுப்புதான். "ஒரு அடி பத்தாதுலே. டிவியில மூணு தடவெ அடிச்சாதான் செல்லும்."

"அது வேசம்ட்டீ. உள்ளதுல ஒரு தடவெதான். சார் சொன்னாரு."

"பேய்க்கு உனக்க சாரையா தெரியும்?"

மூன்றாவது ஞாயிறு நான் தாங்கலுக்கே போகவில்லை. பரீட்சை என்று பொய் சொல்லிவிட்டு மாமாவுக்கு முன்னால் மேலே ஏறி, புகைப்புரைக்குள், தொங்குகிற ஷீட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். சுவரில் கல் பெயர்ந்த ஓட்டை வழியாகக் கோதா முழுவதும் தெரிந்தது. காய் வெடித்தது. ஷீட்டுகள் முதுகில் ஒட்டிப் பிரிந்தன. சுதா வரவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

முதலில் சருகில் ஏதோ இழுபடுகிற சத்தம். விட்டு விட்டு. பிறகு மரங்களுக்கு நடுவே ஒரு உருவம் சரிவேறி வந்தது. அதற்கு இரண்டு தலை. ஒன்று மாமாவின் தலை. அதன் தோளில் கன்னத்தை வைத்துச் சாய்ந்தபடி இன்னொரு தலை. நான்கு கைகள். இரண்டு வேலை செய்தன. இரண்டு மாமாவின் நெஞ்சில் மாலைபோலத் தொங்கி ஆடின. பின்னால் இரண்டு கால்கள் சருகில் கோடு போட்டுக்கொண்டு வந்தன. கோயில் தூணில் எந்தக் கை யாருடையது என்று தெரியாமல் பின்னிக் கிடப்பவர்கள் கல்லை விட்டு இறங்கி நடந்து வந்தால் இப்படித்தான் இருப்பார்கள்.

மாமா கோதாவில் இறங்கி முதுகிலிருந்ததைப் பதமாக மண்ணில் சாய்த்தார். பக்கத்தில் தானும் படுத்தார். மல்லாந்து. என் வாழ்நாளில் மாமா மல்லாந்து படுத்து அன்றுதான் பார்த்தேன். படுத்தபடியே அதன் கக்கத்தில் கைகொடுத்துத் தன் நெஞ்சின் மேல் இழுத்து ஏற்றிக்கொண்டார். அது நெஞ்சோடு நெஞ்சாகக் குப்புறக் கிடந்தது. மாமாவின் தோள்கள் மண்ணுக்குள் அமிழ்ந்தன. கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் முகம் மட்டும் என் பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. ஓட்டை வழியாக நான் பார்ப்பதை அது பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது ஓடியிருக்க வேண்டும். ஓட முடியாமல் போனதற்கு மாமாவின் முகம்தான் காரணம். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டு போகிறது, இப்போது கொண்டு போகிறது என்று தோன்றியது. ஷீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, கோதாவின் ஓரத்தில் முழங்கால் போட்டு, சார் செய்வதுபோலக் குனிந்து இரண்டு தோளையும் பார்த்தேன். பட்டிருந்தன. உள்ளங்கையால் ஓங்கி மண்ணில் அடித்தேன். எதற்கும் இருக்கட்டுமென்று இன்னும் இரண்டு அடி சேர்த்து அடித்தேன்.

"முடிஞ்சாச்சு! இவரு ஜெயிச்சாச்சு! மாமா தோத்தாச்சு! இனிமே வரப்பிடாது!"

எங்கோ ஒரு காய் வெடித்தது. விதை விழுகிற வரைக்கும் யாரும் அசையவில்லை.

பிறகு அந்தத் தலை சிரித்தது. தலை மட்டும் சிரித்தது. சிரிக்கிற மனிதனுக்கு முதுகு குலுங்கும். இதற்குக் குலுங்கவில்லை.

"யாருலே இது?"

"அக்காளுக்க மவன்" என்றார் மாமா, அடியில் கிடந்தபடி, கண்ணைத் திறக்காமல்.

"என்னெ பேயின்னுல்லா நெனச்சிருக்கான். எலே மக்கா, நான் செத்துட்டேம்னு யாரு சொன்னா?"

"சுதா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அவளுக்கு வெவரம் கொறவாக்கும். கழுத்துதான் போச்சு. நான் போவல்ல." மூச்சு வாங்கினார். மாமாவின் நெஞ்சு ஏறும்போதுதான் அவரும் ஏறினார். "இந்த அடி யாரு சொல்லித் தந்தா?"

சொன்னேன். நீல மெத்தை, சார், நோட்டு. பயம் போகவில்லை. பயத்தில் எல்லா வகையையும் ஒப்பித்துவிட்டேன். இடுப்புக்குக் கீழே தொடாமல் பிடித்தால் கிரேக்க-ரோமன் என்றதும் அவர் மறுபடி சிரித்தார்.

"எனக்குக் கழுத்துக்குக் கீழ ஒண்ணும் கெடையாது. அதுக்கும் ஒரு பேரு உண்டான்னு உனக்க சார்ட்ட கேட்டுட்டு வா." பிறகு மாமாவின் காதுக்குள் சொன்னார்: "கேட்டியாலே? தீர்ப்பு சொல்லியாச்சு. நீ தோத்தது போதும். இனி என்னெ தூக்கிட்டு வராத."

"இவன் சின்னப் பய. இவன் சொன்னா தீர்ப்பாவுமா?"

"படிச்ச பிள்ளேலா. ஆவும்."

"ஒரு ஞாயிறு கூடி."

"வேண்டாம்லே. எனக்கு மூச்சு முட்டுது."

மாமா எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் அவர் முதுகில் கோத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். பேயிடமிருந்து காப்பாற்றியாயிற்றே, இன்னும் ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு ஒரு அக்கா சரிவேறி வந்தாள். சர்ச்சுப் பூசைக்குப் போன சீலை கலைந்திருக்கவில்லை. கிடந்தவரின் கூடப்பிறந்தவள். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் எங்கள் தோட்டத்தில் பால் எடைபோடுகிற இடத்தில் வேலை கிடைத்து, தம்பியையும் தூக்கிக்கொண்டு கடற்புரத்திலிருந்து கீழ் லைனுக்கு வந்திருந்தாள். அவளை அங்கே பார்த்துத்தான் அவர் இங்கே இருக்கிற விஷயத்தை மாமா தெரிந்துகொண்டிருக்கிறார். அவள் பஸ்ஸில் பூசைக்குப் போய்வருகிற நேரம்தான் மாமாவின் நேரம்.

"ரெண்டு பேருக்கும் பசிக்காதா?" என்றாள். "ஞாயிறானா இவனுக்க நெஞ்செல்லாம் மஞ்ச மண்ணு. தொடச்சு விடுகது நான்லா? எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியளா?" பிறகு மாமாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அவன் உம்மளுக்காண்டித்தான் வருதான் அண்ணே. உம்ம மொகத்தப் பாத்தா வேண்டாம்னு சொல்ல அவனுக்கு வாய் வராது. ராத்திரி பூரா மூச்சு இளைக்கான்."

மாமா உடனே எழுந்தார். சுட்டுவிட்டதுபோல.

இறங்கும்போது குதிகால் இழுபடாமலிருக்க நான் பின்னால் நின்று இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன். அந்த அக்கா சொன்னதால் பிடித்தேன். இல்லையென்றால் தொட்டிருக்க மாட்டேன். நன்கு வளர்ந்த ஆளின் பாதம். ஆனால் உள்ளங்கால் பிறந்த பிள்ளையுடையதைப்போல மெத்தென்று இருந்தது. பதினோரு வருடமாகத் தரையையே மிதிக்காத கால். வெயிலில் இவ்வளவு தூரம் வந்தும் குளிர்ந்திருந்தது. நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அவருக்குத் தெரியாது என்பதை நினைத்ததும் எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது.

மாமாவின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவர் என்னோடு பேசிக்கொண்டே வந்தார்.

"அன்னைக்கு எனக்க தோளு மண்ணுல படல்ல, கேட்டியா மக்கா. தலைதான் பட்டுது. நான் தோக்கல்ல."

"தெரியும்லே" என்றார் மாமா.

"உனக்குத் தெரியும். இவனுக்க நோட்டுல ஏறட்டும்."

வீட்டில் அன்று பெரிய அழுகை. அந்த மனிதர் உயிரோடு இருப்பது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் தெரியவில்லை. மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கோதாவை மூடிவிட்டு வந்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ எதுக்குலே அடிச்ச?"

"உங்களெ காப்பாத்ததுக்கு."

தலையை ஆட்டினார். சபாஷ் என்று சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சாப்பிடவே இல்லை என்று சொல்லலாம். தூக்கத்தில் யாரோ உருட்டிவிட்டதுபோல் புரண்டுகொண்டிருந்தார். அது இன்னும் அவரை விடவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆள் உயிரோடு இருந்தாலும் அவரிடமிருந்து வந்த ஏதோ ஒன்று மாமாவைப் பிடித்திருக்கலாம் அல்லவா? சுதாவும் அப்படியும் உண்டு என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களோடு தாங்கலுக்கு வந்தார். மற்ற ஆண்களைப்போலத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். உச்சிப்படிப்பு பாதியில் இருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஆள் இல்லை. வெளியே வந்து பார்த்தேன். தலைப்பாகையை அவிழ்க்காமல் மாமா கீழ் லைனுக்குப் போகிற பாதையில் வேகமாக நடந்துகொண்டிருந்தார். யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல. மரம் விட்டு மரம் ஒளிந்து பின்னால் போனேன்.

கடைசி வீடு. சன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் அவர் கிடந்தார். இந்தத் தடவை என்ன நடந்தாலும் ஓடக்கூடாது, முழுவதையும் பார்த்துவிடுவது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா தலைப்பாகையை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். கையைக் கழுவினார். அவருடைய கக்கத்துக்குள் ஒரு கையை நுழைத்துப் பிடரியைத் தாங்கினார். மறு கையை இடுப்பில் கொடுத்தார். மெதுவாக, ஒரே மூச்சில், ஒருக்களித்துத் திருப்பினார். முதுகில் வட்டம் வட்டமாகப் படுக்கைப் புண் இருந்தது. சுற்றிலும் எண்ணெய் தடவினார். பின்கட்டில் அந்த அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா கட்டிலோரத்தில் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அதே பிடியைப் போட்டு, மறுபக்கம் திருப்பினார். மறுபடி உட்கார்ந்தார்.

எனக்குக் கால் கடுத்தது. இன்னும் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். மூன்றாவது தடவை அவர் எழுந்தபோது சலித்துப்போய் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாசலில் சுதா தம்பியோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னலே, பாத்தியா? என்ன நடக்கு அங்க?"

"ஒண்ணும் இல்லட்டீ" என்றேன். "சும்மா திருப்பித் திருப்பிப் போட்டுட்டு இருக்காரு."